சத்தம் மட்டும் வந்த மாப்பிள்ளை

"வணக்கம் மாமா, வணக்கம் அத்தை" என்று மாப்பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டார். ஆளைத்தான் காணோம். கம்ப்யூட்டர் திரையில் சின்னதாக ஒரு கட்டம் வந்திருந்தது. கட்டத்துக்குள்ளே கும்மிருட்டு. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். இருட்டு அப்படியேதான் இருந்தது. அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பெயர் குமரகுருபரன் என்றும், சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி என்றும், இப்போது நியூ ஜெர்சியில் அம்மாவோடு இருந்து வேலை பார்ப்பதாகவும் சொல்லிக்கொண்டு போனது.

"இப்பவே என்ன மாமா வேண்டிக்கெடக்கு?" என்றார் அப்பா.

அது அவருடைய முதல் சந்தேகம். அடுத்தது உடனே வந்தது. "மூஞ்சியைக் காட்டாமப் பேசுதானே, என்ன விஷயம்?"

"துணியை வச்சுத் துடைச்சுப் பாத்தா என்ன?" என்றாள் அம்மா. திரையைத் துடைத்தால் மாப்பிள்ளை தெரிவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

முருகன்குறிச்சியில் ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது பியூலாவின் கம்ப்யூட்டர் சென்டர். சிடி போட்டுப் பார்க்கிற மெஷின் அங்கே ஒன்றுதான். அதற்கு ஒரு பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள். பியூலாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிற பெண்கள் பள்ளியிலிருந்து நாலைந்து பிள்ளைகள் அவளிடம் டைப்பிங் படிக்கப் போவதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அவள் மவுஸை எங்கெங்கேயோ அழுத்தினாள். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ குற்றம் சொன்னது.

"சார், இது கெட்டுப் போகல" என்றாள். "படமும் சத்தமும் உள்ளுக்குள்ள தனித்தனியா இருக்கும். ஒரே பைக்குள்ள ரெண்டு பொட்டலம்னு வச்சுக்கிடுங்க. அனுப்புறவங்க சுருக்கி மடிச்சு அனுப்புறாங்க. பிரிக்கிறதுக்கு இங்கன ஒரு சாமான் வேணும். சத்தத்தைப் பிரிக்கிற சாமான் நம்ம மெஷின்ல இருக்கு. படத்துக்கு உள்ளது இல்ல."

"குரலுக்கு இருக்கு, மூஞ்சிக்கு இல்ல. நல்லாருக்கே கதை" என்றார் அப்பா.

அப்பா பெயர் குற்றாலலிங்கம். ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவர். அவருடைய வாழ்நாள் சாதனை ஒன்று உண்டு, வீட்டுக்கு வருகிற யாரும் அதைக் கேட்காமல் காபி குடித்துவிட முடியாது. செத்துப்போன அண்ணனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு தம்பி ஒருவன் நிலத்தை விற்க வந்தான். சாட்சி, ரேகை எல்லாம் பக்கா. அப்பா சும்மா "உம்ம பேரைச் சொல்லும் வே" என்றிருக்கிறார். அண்ணன் பேரைச் சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தன் பேரைச் சொல்லும்போது எவனாவது அழுவானா? ஆள்மாறாட்டம்!" என்று அங்கேயே அமுக்கிவிட்டார். அன்றிலிருந்து, வாய் ஒன்று சொல்லி முகம் ஒன்று சொன்னால் அதற்குள் ஒரு பொய் இருக்கிறது என்பது அவருடைய வேதம்.

அந்த வேதத்துக்கு எங்கள் வீட்டிலேயே பலம் சேர்ந்திருந்தது. போன வருடம் ஒரு ஜாதகம் வந்தது. போட்டோவில் மாப்பிள்ளை ராஜா மாதிரி இருந்தார். நேரில் வந்து மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தார். அம்மா விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டாள், நல்ல எண்ணத்தில்தான். முன்முடி மொத்தமும் மூடி மாதிரி எழும்பி மறுபடி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு போட்டோ என்றாலே அப்பாவுக்குக் கசப்பு. வீடியோ வேண்டும், ஆள் பேச வேண்டும் என்று தரகரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். குமரகுருபரன், அமெரிக்காவில் எடுத்த கேசட் நம் ஊர் வீடியோ டெக்கில் ஓடாது, அதனால் சிடியில் போட்டு அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பினார். "கேசட்டு கேசட்டுதானே, ஏன் ஓடாது?" என்று அப்பா அதற்கும் ஒரு வாரம் புலம்பினார்.

அன்று பியூலாவின் மாடியில் மாப்பிள்ளையின் குரல் ஓய்ந்ததும் அப்பாவும் அம்மாவும் பியூலாவும் ஆளுக்கொன்று பேசினார்கள். நான் கருப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் பியூலா எனக்கு இடப்பக்கம் நின்றுகொண்டு, ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"தண்ணி வேணுமான்னு கேட்டேன், டீச்சர்."

"வேண்டாம்" என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தாள். அப்பா சட்டென்று எழுந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "நாங்க வாரோம்மா" என்றார்.

என் இடது காது கேட்காது. எட்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. பொன் போட்டால் வடியும் என்று அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். வீக்கம் வடிந்தது, போகிற போக்கில் காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும் என்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதை அப்பா ஒரு கலையாகவே வளர்த்திருந்தார். பெண் பார்க்க வரும்போது என் நாற்காலி எப்போதும் இடப்பக்கச் சுவரை ஒட்டித்தான். அந்தப் பக்கம் ஈ கூட உட்கார முடியாது. டவுன் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு என்றால் பிடிக்கும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் நினைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்தால் பேசுகிறவர்கள் வலப்பக்கம் வருவார்கள், அவ்வளவுதான் சங்கதி. ஒரு தடவை, பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா மட்டும் பின்னால் வந்து, இடது காதோரம் குனிந்து எதையோ அன்பாகக் கேட்டிருக்கிறாள். நான் திரும்பவே இல்லை. பெண் திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் நான் அப்பாவிடம் கேட்பேன். "அதையும் சொல்லிருவோமாப்பா?" வீட்டில் காது என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. அதற்குப் பெயரே 'அது'தான். அப்பாவும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வார். "சும்மா இரு." எனக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. கல்யாணம் ஆகாமல் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆயுசு முழுக்க ஒருத்தரை வலப்பக்கமாகவே படுக்க வைத்துச் சமாளிக்க வேண்டுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால், இரண்டாவதுதான்.

மாப்பிள்ளையின் முகம் தேடி அடுத்து வண்ணார்பேட்டைக்குப் போனோம். பெரியப்பா மகன் கணேஷ்ராம் அங்கே வருமான வரிக் கணக்குப் பார்க்கிற ஆபீஸ் வைத்திருந்தான். புது கம்ப்யூட்டர். சிடியைப் போட்டதும் ஒரு மறுப்பும் சொல்லாமல் படம் வந்துவிட்டது. நீலச் சட்டை, கொஞ்சம் சப்பை மூக்கு, நெற்றியில் திருநீறு, பின்னால் ஒரு பூந்தொட்டி. வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

"ஏலே, சத்தத்தைக் கூட்டு" என்றார் அப்பா.

"இதுல சத்தம் வராது, சித்தப்பா. வரிக் கணக்குக்கு எதுக்குச் சத்தம்னு நான் சவுண்டு அட்டையும் ஸ்பீக்கரும் வாங்கல."

மாப்பிள்ளை மீன் தொட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் பேசிக்கொண்டே இருந்தார். படம் விட்டு விட்டு நகர்ந்தது. அம்மா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "முடி சொந்த முடி மாதிரிதான் இருக்கு" என்று ஆறுதலானாள். பிறகு, "ஆனா உக்காந்தே இருக்காரே. ஒரு எட்டு நடந்து காமிச்சிருக்கலாம்லா?" என்றாள்.

"மாடா பிடிக்கோம், நடக்க விட்டுப் பாக்கதுக்கு?" என்று கணேஷ்ராம் சிரித்தான்.

"மாட்டைப் பாத்துட்டுத்தாம்லே பிடிக்கான். மாப்பிள்ளையைத்தான் பாக்காமப் பிடிக்காங்க" என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை. படம் முடிகிற இடத்தில் மாப்பிள்ளை கேமராவை விட்டுப் பக்கவாட்டில் திரும்பினார். உதடு லேசாக அசைந்தது. படம் நின்றது. "பாத்தியளா, யாரோ பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்கான்" என்று அப்பா திரையைத் தொட்டுக் காட்டினார்.

அன்று வீடு திரும்புகிற பஸ்ஸில், ஆற்றுப்பாலத்தைத் தாண்டுவதற்குள் அப்பா முடிவுக்கு வந்துவிட்டார். ஓரிடத்தில் குரல் மட்டும் வருகிறது, இன்னோரிடத்தில் முகம் மட்டும் வருகிறது. இரண்டும் ஒரே ஆளுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி? ஆள் திக்குவாயாக இருந்து, வேறு எவனையாவது பேசவைத்து ஒட்டியிருந்தால்? "கம்ப்யூட்டர்ல எதையும் ஒட்டலாமாம்" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. என் சந்தேகம் வேறாக இருந்தது. இவ்வளவு தூரம் பார்க்கிறவர், எங்கள் பக்கத்து ஒட்டுவேலையை மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு நொடியாவது நினைப்பாரா?

அத்தாட்சிக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டு டேப்ரிக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடி பியூலாவின் மாடிக்கு ஏறினார். டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் கையைத் தூக்கி நிறுத்தினார். மாப்பிள்ளையின் குரலை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் டேப்பை வைத்துப் பிடித்தார். நடுவில் பியூலா தும்மினாள், அதுவும் பதிவாயிற்று. பிறகு டேப்போடு வண்ணார்பேட்டைக்கு. கணேஷ்ராம் படத்தை ஓடவிட வேண்டும், அதே கணத்தில் அப்பா பொத்தானை அமுக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி ஆரம்பித்தார்கள். குரல் "வணக்கம் மாமா" என்றபோது முகம் வாயை மூடிக்கொண்டிருந்தது. மறுபடி எண்ணினார்கள். இந்தத் தடவை முகம் முந்திக்கொண்டது. பேட்டரி வேறு இறங்கியிருந்ததால் மாப்பிள்ளையின் குரல் போகப் போகப் பூதம் மாதிரி இழுத்தது. வரி கட்ட வந்தவர்கள் வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். பேட்டரியை மாற்றி இன்னும் ஒரு தடவை ஓட்டினார்கள். ஆரம்பம் ஓரளவுக்குச் சேர்ந்த மாதிரி இருந்தது, அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அப்பா தவறின பிறகு அம்மாதான் எங்களைப் படிக்க வச்சாங்க" என்றது குரல். திரையில் முகம் பல் தெரியச் சிரித்தது.

அப்பா டேப்பை நிறுத்தினார். அந்தத் தம்பிக்காரனைப் பிடித்த அன்றைக்கு எப்படி நிமிர்ந்திருப்பாரோ அப்படி நிமிர்ந்தார். "அப்பன் செத்ததைச் சொல்லும்போது எவனாவது சிரிப்பானாலே? வேற ஆளு. குரல் ஒருத்தன், மூஞ்சி ஒருத்தன்."

"பாவி" என்று அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். கணேஷ்ராம் மட்டும், மெஷின் மெதுவாக ஓடுகிறது, டேப் வேகமாக ஓடுகிறது, எப்படிச் சேரும் என்று ஏதோ சொல்லிப் பார்த்தான். அது அப்பா தலையில் ஏறவில்லை. தரகரிடம் ஞாயிற்றுக்கிழமை மறுத்துச் சொல்லிவிடுவதாக அப்பா முடிவு செய்தார்.

அப்பா குரலைப் பிடித்துவந்த அந்தக் கேசட் வீட்டில் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அதை எடுத்துப் போட்டேன். எனக்கு ஏனோ அந்தக் குரலை விட மனசில்லை. முகத்தை நம்பி எனக்குப் பழக்கமில்லை. ஒரு காதோடு இருக்கிறவளுக்குக் குரல்தான் ஆள். டேப்பின் சத்தத்தைச் சின்னதாக வைத்து, வலது காதை அதன் மேலேயே சாய்த்துக்கொண்டேன். எழுத்துத் தமிழில் பேச முயன்று, நடுநடுவே "அங்கன", "இங்கன" என்று வழுக்கி விழுகிற குரல். "எனக்குச் சமைக்கத் தெரியும், ஆனா அம்மா ஒத்துக்கிட மாட்டாங்க" என்றது. பியூலா தும்மினாள். "வணக்கம்" என்று முடித்தது. இந்த இடத்தில்தான் எப்போதும் அப்பா பேச ஆரம்பித்துவிடுவார், யாரும் மேலே கேட்பதில்லை. நான் நிறுத்தவில்லை. விசிறிச் சத்தம், தூரத்தில் பஸ் ஹாரன். அதற்கு அடியில், ரொம்ப மெதுவாக, அதே குரல்.

"அதையும் சொல்லிரட்டாம்மா?"

ஒரு வயதான பெண்குரல். "சும்மா இருலே."

அவ்வளவுதான். பிறகு அப்பாவின் சத்தம் வந்துவிட்டது.

திருப்பிப் போட்டுக் கேட்டேன். நான் ஒவ்வொரு தடவையும் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டே கேட்கிற கேள்வி, அப்பா சொல்கிற பதில், ஒரு 'லே' மட்டும் கூடுதல். இவ்வளவு நாளாக எங்கள் வீட்டில் ஓடிய சந்தேகமெல்லாம் சொத்தை. உண்மையான சந்தேகம் இப்போது என் கையில் இருந்தது. அது என்னவாக இருக்கும்? ஏற்கெனவே கல்யாணமாகியிருக்குமோ? வலிப்பு? அங்கே வேலை போய்விட்டதோ? உட்கார்ந்தே இருந்தாரே, அம்மா சொன்ன மாதிரி காலில் ஏதாவது? நான் நினைக்க நினைக்க அந்த நீலச் சட்டைக்காரருக்கு ஒவ்வொரு நோயாக வந்தது. அப்பாவிடம் சொன்னால் இன்றைக்கே கதை முடிந்துவிடும். சொல்லத்தான் வேண்டும் என்று எழுந்தேன். கூடத்துக்குப் போவதற்குள் இன்னொன்று தோன்றி நின்றுவிட்டேன். மறைத்தது அம்மா. கேட்டது அவர். சொல்லிவிட வேண்டும் என்று உள்ளே குத்துகிற ஓர் ஆளை, ஆழ்வார்குறிச்சியில் பிறந்து கடல் தாண்டி இருக்கிறவரை, நான் முதன்முதலாகக் கேட்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் வெட்கம், சந்தோஷமாகவும் இருந்தது.

அப்பாவிடம் வேறொன்று சொன்னேன். "தரகர்ட்ட மறுத்துச் சொல்லுததுக்கு முன்னால ரெண்டையும் சேத்து ஒரு தடவை பாத்துருவோம்ப்பா. நாளைக்கு நம்ம மேல தப்புன்னு வந்துரக் கூடாது." பத்திர ஆபீஸ்காரருக்கு அந்த வார்த்தை போதும்.

பியூலா ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வரவழைப்பாள், அதோடு ஓசியாக ஒரு சிடி வரும். அதில் தேடி அந்தப் படம் பிரிக்கிற சாமானை எடுத்து மெஷினில் ஏற்றி வைத்திருந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, தலையில் பூவோடு நேராக வந்து கடையைத் திறந்தாள். பைய ஒரு தடவை சொடுக்கினாள். நீலச் சட்டை வந்தது. "வணக்கம் மாமா, வணக்கம் அத்தை" என்று வாயைத் திறந்து, அந்த வாயாலேயே சொன்னது.

அப்பா நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்பா தவறின பிறகு" என்ற இடம் வந்தது. முகம் தாழ்ந்துதான் இருந்தது. அடுத்த வாக்கியம் சமையலைப் பற்றியது, சிரிப்பு அதற்குரியது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அம்மா பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு முகம் விழுந்துபோயிற்று, கையில் பிடித்த திருடனை நழுவவிட்டவர் மாதிரி. ஆனாலும் நியாயம் தவறாதவர். "ஒரே ஆளுதான்" என்று ஒப்புக்கொண்டார். "தரகரு வீட்டை விட்டுக் கிளம்பிருவாரு, போன் போட்டுட்டு வாரேன்" என்று செருப்பைத் தேடிக்கொண்டு கீழே பூத்துக்கு இறங்கினார். அம்மாவும் பின்னாலேயே போனாள்.

திரையில் அவர் வணக்கம் சொல்லி முடித்திருந்தார். பக்கவாட்டில் திரும்பினார். இப்போது உதடும் குரலும் சேர்ந்து வந்தன. "அதையும் சொல்லிரட்டாம்மா?" அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருந்தேன், சத்தம் இல்லாமல். அப்பா அதில் கள்ளத்தனத்தைப் பார்த்தார். எனக்கு அது பரீட்சை ஹாலில் தெரியாத கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முகமாகத் தெரிந்தது. "சும்மா இருலே." படம் நின்றது.

பியூலா நாற்காலியை என் வலப்பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கேட்டியளா, டீச்சர்?"

"முதல்லயே கேட்டுட்டேன்."

"என்னதா இருக்கும்?"

"தெரியல."

"அப்பாட்ட சொல்லலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் மவுஸைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். பிறகு, "அந்தப் பக்கமா நின்னு பேசுனா நீங்க திரும்புறதில்ல. முதல் நாளே பாத்தேன். யார்ட்டயும் சொல்லல" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இருபது வருடத்தில் வீட்டுக்கு வெளியே ஒருத்தர் அதைச் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இடி எதுவும் விழவில்லை. கீழே ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் தரகர் வந்தார். மாப்பிள்ளை வீட்டில் சந்தோஷம், ஆனால் அவர்களுக்கும் பெண் பேசுகிற ஒரு வீடியோ வேண்டுமாம். கேசட்டாகவே அனுப்பினால் போதும், அங்கே மாற்றிக்கொள்வார்களாம்.

"நம்மளைச் சந்தேகப்படுதானா?" என்று அப்பா குதித்தார். "போட்டோ அனுப்பியிருக்கு, ஜாதகம் அனுப்பியிருக்கு. இன்னும் என்னத்தைப் பாக்கணுமாம்?" அவர் நிஜமாகவே மனம் புண்பட்டிருந்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. இவர் கெட்டவர் இல்லை. என்னைக் கரையேற்ற வேண்டும் என்ற கவலையில் உலகம் முழுவதையும் சந்தேகப்பட்டு, கடைசியில் சந்தேகப்பட ஆள் மிச்சமில்லாமல் நிற்கிறவர்.

கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற பிச்சைக்கண்ணு அண்ணாச்சி வந்து கூடத்தில் கேமராவை முக்காலியில் நிறுத்தினார். பக்கத்தில் கண்ணைக் கூசவைக்கிற ஒரு பெரிய விளக்கு. "லைட்டு சூடாயிட்டுன்னா பல்பு போயிரும். அதனால டீச்சர் பேசி முடிச்சதும் மொதல்ல லைட்டை அணைச்சிட்டு வந்துதான் கேமராவை நிப்பாட்டுவேன். செவப்புப் புள்ளி எரியுத வரைக்கும் ஓடிக்கிட்டுதான் இருக்கும், யாரும் குறுக்க வந்துராதிய" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அப்பா என் நாற்காலியை வழக்கம்போல இடப்பக்கச் சுவரை ஒட்டிப் போட்டார். நியூ ஜெர்சியிலிருந்து யாரும் என் இடது காதில் பேச முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை, கை தானாகச் செய்தது. நான் பச்சைப் பட்டில் உட்கார்ந்தேன். "அதையும்..." என்று ஆரம்பித்தேன். "சும்மா இரு" என்றார், இன்னும் கேமரா ஓட ஆரம்பிக்கவில்லை.

சிவப்புப் புள்ளி எரிந்தது. என் பெயர் சித்ரலேகா என்றேன். படிப்பு, பள்ளி, பிடித்த சமையல், எல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்த வரிசையில் சொன்னேன். அம்மா அடுக்களை வாசலில் நின்று வாயை அசைத்து என்னோடு சேர்ந்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "வணக்கம்" என்று முடித்தேன். பிச்சைக்கண்ணு அண்ணாச்சி சுவிட்சைத் தேடி ஜன்னல் பக்கம் போனார். விளக்கு அணைந்தது. கூடம் சட்டென்று இருண்டதுபோல் இருந்தது. சிவப்புப் புள்ளி அப்படியே எரிந்தது.

நான் பக்கவாட்டில் அப்பாவைப் பார்த்துத் திரும்பினேன். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி பேசுவேனே, அந்தக் குரலில் கேட்டேன்.

"அதையும் சொல்லிரட்டாப்பா?"

"சும்மா இருட்டி" என்றார் அப்பா, பழக்க தோஷத்தில், நன்றாகக் கணீரென்று. சொன்ன பிறகுதான் அந்தப் புள்ளியைப் பார்த்தார். வேட்டி தடுக்கக் கேமராவுக்கு ஓடினார். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. அதன் வயிற்றைத் தடவினார், முதுகைத் தடவினார். "ஏ அண்ணாச்சி, இங்கன வாரும் வே!" என்று கத்தினார். அண்ணாச்சி வயரில் கால் சிக்கி ஜன்னலோரம் நின்றார். கடைசியில் அப்பா இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, குழந்தையின் கண்ணைப் பொத்துவதுபோல, கேமராவின் கண்ணை இறுக்கப் பொத்திக்கொண்டார்.

இனிமேல் அங்கே கருப்புதான் தெரியும். பியூலா சொன்ன பையில் சத்தம் என்று இன்னொரு பொட்டலம் இருப்பது அப்பாவுக்கு நினைவில்லை.

நான் அந்தக் கருப்பைப் பார்த்துப் பேசினேன். "எனக்கு இடது காது கேக்காது. எட்டு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு, அதுலேருந்து. வலப்பக்கமா வந்து பேசுனா நல்லா கேக்கும். உங்க வீடியோல கடைசியில நீங்க அம்மாட்ட கேட்டதும் கேட்டுச்சு."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார், கையை எடுக்காமல். அந்த விரல்களுக்கு மேலே சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.